சகலையின் கால் எரிச்சலும் மரக்காணத்து மடைகளும்

என்னை நரம்பு டாக்டர் என்று என் மனைவி கௌரி தன் சொந்தபந்தம் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். நான் டாக்டர்தான், ஆனால் ஊசி போடுகிற டாக்டர் இல்லை. ஜெர்மனியில் ஒரு குளிர் பிடித்த ஊரில், எலியின் நரம்பு செல்களைக் கண்ணாடித் தட்டில் வளர்த்து, அவற்றுக்குள் கால்சியம் எப்போது சரியாகப் போகிறது, எப்போது தப்பாகப் போகிறது என்று பார்ப்பது என் பிழைப்பு. இத்தனை வருடத்தில் ஒரு மனிதரின் காலையும் நான் சோதித்துப் பார்த்தது கிடையாது. இதைச் சொன்னால், "எலிக்கு இருக்கற நரம்புதானே மனுஷனுக்கும்?" என்பாள். அறிவியல்படி அது சரி என்பதால் மேற்கொண்டு வாயைத் திறக்க முடிவதில்லை.

மாசி மாதம் புதுச்சேரியில் ஒரு கருத்தரங்கு. என் பேச்சு முடிந்து, ஊர் சுற்றலாம் என்று மூன்று நாளை மிச்சம் பிடித்து வைத்திருந்தேன். கௌரிக்கு மூக்கு வியர்த்துவிட்டது. போனில் பிடித்துக்கொண்டாள்.

"மரக்காணம் போய் மல்லிகா அக்கா வீட்டுக்காரரப் பாத்துட்டு வாங்க. சக்கரை இருக்கு, கால் எரிச்சல்னு போன வருஷம் பாதி நாள் தூங்காத மனுஷன். இப்ப மாத்திரையத் தூக்கிப் போட்டுட்டாராம். உப்புத் தண்ணியிலேயே சரியாயிடுச்சுன்னு சொல்றாராம்."

"எரிச்சல் நின்னுபோச்சுன்னா நல்லதுதானே?"

"அத நீங்க பாத்துட்டு வந்து சொல்லுங்க."

போனை வைத்த பிறகுதான் யோசித்துப் பார்த்தேன். எரிச்சல் நின்றுவிட்டது என்பதற்கு எங்கள் துறையில் இரண்டு அர்த்தம் உண்டு. நரம்பு ஆறி அமைதியாகிவிட்டது என்பது ஒன்று. கத்திக்கொண்டிருந்த நரம்பு செத்துவிட்டது என்பது இன்னொன்று. இரண்டிலும் வெளியே தெரிவது ஒரே மாதிரியான நிம்மதிதான். செத்த நரம்போடு ஒருவர் வெறுங்காலில் உப்பளத்தில் நடந்தால், காயம் புண்ணாகி, புண் அழுகி, கடைசியில் காலையே எடுக்க வேண்டி வரலாம். என் சகலைக்குக் கால்தான் சோறு போடுகிறது.

பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தது. பெட்டியில் இடமில்லாததால் கம்பளிக் கோட்டை மடியில் வைத்துக்கொண்டு வியர்த்து வடிந்தேன். பின் சீட்டில் இரண்டு வெள்ளைக்காரப் பெண்கள். இடையஞ்சாவடிப் பக்கம் தங்கியிருக்கிறவர்களாம். ஒருத்தி மற்றவளிடம் ஜெர்மன் மொழியில், "இந்த வெயிலில் கோட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் பார், காய்ச்சலோ என்னவோ" என்றாள். மற்றவள், "தள்ளியே உட்கார்" என்றாள். நான் திரும்பி அவர்கள் பாஷையிலேயே, "காய்ச்சல் எல்லாம் இல்லை, மனைவி வாங்கிக் கொடுத்த கோட்டு, தொலைத்தால்தான் உயிருக்கு ஆபத்து" என்றேன். இரண்டு பேர் முகமும் மிளகாய்ப்பழம் ஆனது. அதற்கப்புறம் வழியெல்லாம் சிரிப்புதான். மரக்காணத்தை நெருங்கும்போது சாலையோரம் வெள்ளை வெள்ளையாகக் குவியல்கள் தெரிந்தன. "ஐயோ, இங்கேயும் பனியா?" என்றாள் ஒருத்தி.

கண்டக்டரிடம் டிக்கெட் வாங்கும்போது மரக்காணம் உப்பளத்துக்காரர் வீடு என்று வாய் தவறிச் சொல்லித் தொலைத்திருந்தேன். ஊர் வருவதற்கு முன்னாலேயே விசில் அடித்துவிட்டார். "உப்பளம் கேட்டீங்களே, இதான் உப்பளம். எறங்குங்க, எறங்குங்க!" நடு வெயிலில், நான்கு சக்கரப் பெட்டியோடு, பாத்திகளுக்கு நடுவே ஒரு வரப்பில் நின்றேன். ஜெர்மனியில் ரயில் நிலையத்திலிருந்து வீடுவரை வழுக்கிக்கொண்டு வரும் பெட்டி, உப்பளத்துச் சேற்றில் ஒரு அடி நகரவில்லை. உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். "ஏம்பா, அத ஏன் இழுக்கற? தலையில வையி" என்றாள் ஒருத்தி.

வைத்தேன். வேறு வழி?

பாதி வழியில் சகலை மொபெட்டில் வந்து என்னைக் காப்பாற்றினார். பெயர் செல்வராசு. என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அதனால் நான் அண்ணே என்பேன். அவருக்கு நான் சகல.

"வா சகல! ஊருக்குள்ள வராம நேரா வேலைக்கே வந்துட்ட!" என்று சிரித்தார்.

நான் அவர் முகத்தைப் பார்ப்பதற்கு முன் காலைப் பார்த்தேன். செருப்பு இல்லை. குதிகால் பழைய டயர் மாதிரி சாம்பல் பூத்து வெடித்திருந்தது.

செல்வராசு அண்ணன் கொஞ்சம் பாத்திகளைக் குத்தகைக்கு எடுத்து உப்பு போடுகிறார். ஆனால் ஊரில் அவருக்குப் பெயர் மிதிப்புக்குத்தான். மழை ஓய்ந்ததும் பாத்தியின் களிமண் தரையை ஆட்கள் வரிசையாக நின்று காலால் மிதித்து மிதித்துக் கெட்டியாக்க வேண்டும். தரை சரியாக இறுகவில்லை என்றால் தண்ணீர் உள்ளே இறங்கிவிடும், உப்போடு சேறும் வரும். எங்கே மண் இன்னும் தொளதொளவென்று இருக்கிறது என்று அவர் காலை வைத்த மாத்திரத்தில் சொல்லிவிடுவாராம். அதற்காகவே மற்ற உப்பளக்காரர்களும் கூப்பிடுவார்கள்.

வீட்டில் மல்லிகா அக்கா கொடுவா மீன் குழம்பும் நண்டு வறுவலும் செய்து வைத்திருந்தாள். மீன் அப்படி ஒரு ருசி. நான் இருக்கும் ஊரில் மீனை வேகவைத்து, எலுமிச்சம்பழம் பிழிந்து, இதுதான் சாப்பாடு என்று கூசாமல் தட்டில் வைப்பார்கள். ஒரே குறை, குழம்பில் உப்பு கம்மி. தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"அவருக்குப் பிரஷரும் இருக்குது தம்பி. நான்தான் கொறச்சிட்டேன்" என்றாள் அக்கா.

"உப்பளத்துக்காரன் வூட்ல உப்பு இல்லன்னு வெளிய சொல்லிடாத சகல, மானம் போயிடும்" என்றார் அவர்.

உப்புப் பேச்சு வந்ததால், ஜெர்மனியில் பனி பெய்தால் சாலையில் லாரி லாரியாக உப்பைக் கொட்டுவார்கள், பனி கரைய, என்று சொன்னேன். அவர் கை சோற்றிலேயே நின்றுவிட்டது.

"சோத்துக்குப் போடற உப்ப ரோட்ல போடறானுங்களா?"

"ஆமாண்ணே. அதனால அங்க காருக்கெல்லாம் அடியில துரு புடிச்சிரும்."

"புடிக்கட்டும்! நல்லா புடிக்கட்டும்!" என்றார்.

சாயங்காலம் அக்கா உப்பளத்திலிருந்து தலையில் ஒரு குடத்தைச் சுமந்து வந்தாள். உப்பு எடுத்த பிறகு பாத்தியில் மிஞ்சி நிற்கும் தண்ணீர், எண்ணெய் மாதிரி கனமாக இருக்கும், நாக்கில் வைத்தால் கசப்பு தாங்காது. அதை அகலமான பேசினில் ஊற்றினாள். அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு காலையும் உள்ளே விட்டு, கண்ணை மூடிக்கொண்டார்.

"தெனமும் நான்தான் எடுத்தாரேன் தம்பி. மழைக்காலத்துக்குன்னு டிரம்முல புடிச்சு வெச்சுக்குவேன், ஒரு நாள் உட்டதில்ல. எரிச்சல் ஓடியே போச்சு" என்றாள் அக்கா. அவள் முகத்தில் அவ்வளவு பெருமை.

"உப்புக்காரன் காலுக்கு மாத்திர எதுக்கு சகல? நம்ம தண்ணியே மருந்து" என்றார் அவர்.

அந்தத் தண்ணீரில் மக்னீசியம் நிறைய உண்டு. எங்கள் ஆய்வகத்தில் கால்சியம் உள்ளே போவதைத் தடுக்க நாங்களே மக்னீசியம் ஊற்றுவோம். ஆனால் அது தட்டில் திறந்து கிடக்கும் செல்லுக்கு. தோலைத் தாண்டி, அதிலும் அந்தத் தோலைத் தாண்டி, நரம்புவரைக்கும் அது போய்ச் சேருமா? எனக்கு நம்பிக்கை இல்லை. அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு, குடம் என்ன கனம் இருக்கும் என்று மட்டும் கேட்டேன்.

"மழைக்காலத்துல வேலையே இருக்காது. அப்பகூட தெனம் போயி மோட்டாரப் பாத்துட்டு வருவாரு. அந்த மோட்டார் மேல அவ்ளோ பாசம்" என்று அக்கா அவரைக் கிண்டலடித்தாள். அவர் கண்ணைத் திறக்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் கேழ்வரகுக் கூழும் சுட்ட கருவாடும் உள்ளே தள்ளிவிட்டு அவரோடு உப்பளத்துக்குப் போனேன். ஒரு பக்கம் பாத்திகளில் உப்பு பூத்திருந்தது. இன்னொரு பக்கம் புதுப் பாத்தியில் மிதிப்பு. ஐந்தாறு ஆட்கள் வரிசையாக, ஒரே தாளத்தில், பேச்சும் சிரிப்புமாக மிதித்தார்கள். நானும் இறங்கினேன். கொஞ்ச நேரத்தில் முழங்கால் கழன்றுவிடும்போல் இருந்தது. "ஜெர்மனிக்காரரு மிதிச்ச எடத்துல தவளை குடித்தனம் பண்ணும்" என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

வேலை முடித்து, உப்புப் பூத்த பாத்தி வழியாக மோட்டார் கொட்டகைக்கு நடந்தோம். நான் பின்னால் வந்தேன். வெள்ளை உப்பின்மேல் ஒரு அடி விட்டு ஒரு அடிக்கு ஒரு சிவப்புப் பொட்டு.

"அண்ணே! கால்ல ரத்தம்!"

அவர் நின்று, இடது காலைத் தூக்கிப் பார்த்தார். "எங்க?"

ரத்தம் வந்தது வலது காலில். உப்புக் கல் குதிகால் வெடிப்பில் நன்றாகக் கீறியிருந்தது. அவர் பாத்தித் தண்ணீரிலேயே அதைக் கழுவினார். முகம் கொஞ்சம்கூடச் சுளிக்கவில்லை.

கொட்டகை ஓரம் வாய்க்காலிலிருந்து பாத்திக்குத் தண்ணீர் விடும் மடை ஒன்று இருந்தது. அடைப்புக்கு ஒரு இரும்புத் தகடு. உப்புக் காற்றில் அடிப்பக்கம் துருப்பிடித்து அரித்து, தண்ணீர் சளசளவென்று ஒழுகிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே அவர் கேட்டார்.

"நானும் ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன். உன் வேலதான் என்ன சகல?"

இந்தக் கேள்விக்கு நான் கருத்தரங்கில் அரை மணி நேரம் பதில் சொல்லியிருந்தேன். பாதிப்பேர் தூங்கினார்கள். இங்கே தகட்டைக் காட்டினேன்.

"இதுதாண்ணே. நரம்பு செல் ஒரு பாத்தின்னு வெச்சுக்குங்க. அதுக்கு வெளிய கால்சியம் பல்லாயிரம் மடங்கு அதிகம், உங்க வாய்க்கால் மாதிரி. உள்ள விடறதுக்குச் சின்னச் சின்ன மடை இருக்கு. கண் சிமிட்டுறதுக்குள்ள தொறந்து மூடும். அப்படித் தொறந்தாத்தான் அடுத்த நரம்புக்குச் சேதி போகும். சூடு, வலி, எல்லாம்."

"செரி."

"உடம்புல சக்கரை கூடிப்போச்சுன்னா, செல்லுக்குள்ள எரியற அடுப்பு புகைய ஆரம்பிக்கும். அந்தப் புகை இந்த மடைங்களத் துருப்பிடிக்க வைக்கும். கழுவித் தொடைக்க உடம்புலயே ஆள் உண்டு, ஆனா சமாளிக்க முடியாது. எல்லா மடையும் ஒரே மாதிரி கெடாது. சிலது இறுகிடும், சிலது இந்தத் தகடு மாதிரி ஒழுகும். ஒழுகினா, நெருப்பே இல்லாம நரம்பு நெருப்பு நெருப்புன்னு கத்தும். அதான் எரிச்சல். இதுல எது எப்போ நடக்குதுன்னு பாக்கறதுதான் என் வேல. எங்களுக்கே இன்னும் முழுசாத் தெரியல."

அவர் தகட்டையே பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "செரி, ஒழுகி ஒழுகி பாத்தி ரொம்பிடுச்சுன்னா?"

பொய் சொல்லலாமா என்று யோசித்தேன். "அந்த நரம்பு செத்துரும்ணே. அப்புறம் கத்தாது."

அவர் தன் வலது பாதத்தைத் தூக்கிக் கையில் வைத்துத் தடவினார்.

"எனக்கு எரிச்சல் நின்னுது எதனால சகல?"

"அதப் பாக்கத்தான் வந்திருக்கேன்" என்றேன்.

சர்க்கரை நோயாளியின் காலை நைலான் இழையால் தொட்டுச் சோதிப்பார்கள். பத்து கிராம் அழுத்தத்தில் வளைகிற இழை. அது படுவது தெரியவில்லை என்றால் நரம்பு மோசம். படித்திருக்கிறேன், செய்ததில்லை. இழைக்கு எங்கே போவது? மொபெட்டில் பக்கத்து ஊரான கூனிமேடு போனோம். மீன்பிடிச் சாமான் கடையில் தங்கூஸ், அதாவது தூண்டில் நைலான் நூல், விதவிதமான பருமனில் தொங்கியது. ஒவ்வொன்றாக வெட்டி, கடைக்காரரின் எலக்ட்ரானிக் தராசில் நட்டுக்குத்தலாக வைத்து அழுத்தி, எது பத்து கிராமில் வளைகிறது என்று பார்த்தேன். கடைக்கார பாய் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"யா அல்லா! மீன் புடிக்கறதுக்கா, மீனுக்கு வைத்தியம் பாக்கறதுக்கா?" என்றார்.

அங்கேயே ஒரு கடையில் பிரியாணி சாப்பிட்டோம். சீரகச் சம்பா, கூடவே புளிப்பான கத்திரிக்காய். வேறொரு நாளாக இருந்தால் அதைப் பற்றியே இரண்டு பக்கம் எழுதியிருப்பேன். அன்று எனக்கு இறங்கவில்லை. அண்ணனும் பாதியில் கை கழுவினார்.

வீட்டுக்கு வந்து அவரைக் கட்டிலில் படுக்க வைத்து, கண்ணைத் துண்டால் கட்டி, பாதத்தில் தங்கூஸை வைத்து அழுத்தினேன். "தெரியும்போது சொல்லுங்கண்ணே."

அவர் சொல்லவே இல்லை. குதிகால், முன்பாதம், விரலடி. எங்கே வைத்தாலும் பேச்சு மூச்சில்லை. கடைசியில், "ஆரம்பிச்சிட்டியா சகல?" என்றார்.

நான் அக்காவைப் பார்த்தேன். என் முகத்திலேயே அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. சட்டென்று அவளுக்குக் கோபம் வந்தது.

"மீன் புடிக்கற நூல வெச்சுக்கினு என்ன தம்பி கண்டுபுடிச்சிடுவீங்க? எனக்கு வையிங்க பாக்கலாம்!" என்று கட்டிலில் உட்கார்ந்து காலை நீட்டினாள்.

வைத்தேன். அவளுக்கும் தெரியவில்லை.

"அப்ப எனக்கும் சக்கரயா?" என்றாள் அக்கா. குரல் உள்ளே போய்விட்டது.

ஒரு நிமிடம் என் மூளையும் அப்படித்தான் ஓடியது, இருவருக்குமா என்று. இதற்குள் நரம்பு டாக்டர் வந்திருக்கிறார் என்ற செய்தி பரவி, வாசலில் நான்கைந்து பேர் நின்றிருந்தார்கள், காலையில் மிதித்தவர்கள். ஒவ்வொருவரையும் உட்கார வைத்துப் பார்த்தேன். ஒருவருக்கும் தெரியவில்லை. கட்டுமஸ்தான ஆள், நோய் நொடி இல்லாதவர், அவருக்கும் இல்லை. கடைசியாக என் காலில் நானே வைத்துக்கொண்டேன். துள்ளிவிட்டேன்.

அப்போதுதான் என் மரமண்டைக்கு உறைத்தது. நான் நரம்பைச் சோதிக்கவில்லை, உப்பு பதப்படுத்திய தோலைச் சோதித்துக்கொண்டிருந்தேன். அந்தத் தோலுக்கு அடியில் நரம்பு உயிரோடு இருந்தாலும் தங்கூஸ் அதன் கதவைத் தட்டியிருக்காது. என்னிடம் ஒரு மாணவன் ஒப்பிட்டுப் பார்க்காமல் ஒரு முடிவைக் கொண்டுவந்தால், தட்டோடு வெளியே அனுப்புவேன். நான் இங்கே ஒரு குடும்பத்தையே அழவைக்கப் பார்த்தேன். வெட்கமாகவும் இருந்தது, பாதி நிம்மதியாகவும் இருந்தது. பாதிதான். சோதனை தப்பு என்று தெரிந்ததே தவிர, கால் நல்ல கால் என்று தெரியவில்லை.

"காலையில பாக்கலாம். இன்னிக்கு உப்புத் தண்ணி வேணாம் அக்கா, நல்ல தண்ணி போதும்" என்றேன்.

மூன்றாம் நாள் காலை, வெதுவெதுப்பான நல்ல தண்ணீரில், சூட்டை என் கையால் பார்த்த பிறகு, அவர் காலை ஊற வைத்தோம். அக்கா தேங்காய் எண்ணெய் தடவினாள். இம்முறை உள்ளங்காலின் வளைவு, விரல் இடுக்கு, விரலின் மேல்பக்கம் என்று, உப்பு அவ்வளவாகத் தொடாத இடங்களாகப் பார்த்து வைத்தேன். மறுபடியும் கண்ணில் துண்டு.

"இங்க" என்றார்.

இடத்தை மாற்றினேன்.

"இப்ப கட்ட விரல்கிட்ட. இப்ப இந்தப் பக்கம். ஏய், கூசுது சகல!"

ஏமாற்றுகிறாரா என்று பார்க்க, தொடாமல் சும்மா இருந்தேன்.

"ஏன் சும்மா இருக்க? தூங்கிட்டியா?"

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மறைக்கவில்லை. அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவரோடு சாய்ந்துவிட்டாள். வலது சுண்டு விரலின் நுனியில் மட்டும் இரண்டு தடவை தவறவிட்டார். மற்றபடி எல்லா மடையும் திறந்து மூடிக்கொண்டிருந்தது.

என் தங்கூஸ் வைத்தியத்தை நம்பி விட்டுவிட முடியாது. நண்பர் ஒருவர் சொல்லி, அன்றே புதுச்சேரியில் ஒரு நரம்பு மருத்துவரிடம் நேரம் வாங்கினேன். நிஜமான நரம்பு டாக்டர், அம்மா ஒருவர். ஒரு நோயாளியோடு ஒரு ஆள்தான் என்றார்கள், அக்கா வெளியே உட்கார்ந்தாள். டாக்டரம்மா தட்டினால் அதிர்கிற இசைக்கவையைத் தட்டி விரல் எலும்பில் வைத்தார், சுத்தியால் கணுக்காலைத் தட்டினார், அங்கேயே எடுத்த ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பழைய சீட்டோடு ஒப்பிட்டார்.

"நரம்பு நல்லா இருக்கு. ஆரம்பத்துலயே புடிச்சுட்டீங்க. மூணு மாச சக்கரை சராசரியும் நல்லாக் கொறஞ்சிருக்கு. மாத்திரை ஒழுங்கா எடுக்கறீங்க இல்ல?"

இல்லை என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். அண்ணன் ஒருமுறை கதவைத் திரும்பிப் பார்த்தார். மூடியிருந்தது.

"ஒரு வேளகூட உட்டதில்லீங்க" என்றார்.

மருந்துக் கடைக்கு என்னை மட்டும் இழுத்துக்கொண்டு வந்தார். டீ வாங்கிக் கொடுத்தார். நான் முறைத்தேன்.

"கூனிமேட்டு மெடிக்கல்லதான் வாங்குறேன் சகல. மோட்டார் கொட்டாயில, ஸ்பேனர் டப்பாக்குள்ள வெச்சிருக்கேன்."

"அப்ப ஏன் தூக்கிப் போட்டுட்டேன்னு சொன்னீங்க? உங்க மச்சினி அங்க தூங்கலண்ணே!"

"மொதல்ல நெசமாவே தூக்கித்தான் போட்டேன். வாய்க்கொழுப்பு. மிதிப்புக்காரனுக்கு மாத்திரயா, உப்புத் தண்ணி போதும்னு ஊருக்கு முன்னாடி சொல்லிட்டேன். மல்லிகா அத நம்பி அன்னிக்கே கொடத்தத் தூக்கிட்டா. எரிச்சல் கொறயல. பயந்துட்டேன், மறுபடியும் போட ஆரம்பிச்சேன். கொஞ்ச நாள்ல எரிச்சல் கொறஞ்சுது. அவ என்னா பண்ணா தெரியுமா? நான் தூங்கினதப் பாத்து, எழுப்பி, அழுதா. என் தண்ணி வேல செஞ்சுதுன்னு. அப்புறம் எப்டி சகல சொல்றது?"

டீ ஆறிப்போனது. "அந்தத் தண்ணி வெடிப்புல எறங்கினா புண்ணாயிடும்ணே" என்றேன்.

"அத நீ சொல்லு. நீ டாக்டரு. மாத்திரய மட்டும் சொல்லிடாத."

வாக்குக் கொடுத்தேன். கூடவே மெத்தென்ற ஒரு ஜோடிச் செருப்பும் வாங்கிக் கொடுத்தேன். அதைக் காலில் போடாமல் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்.

பஸ்ஸில் அக்காவுக்கு எடுத்துச் சொன்னேன். தண்ணீர் செய்த வேலை செய்துவிட்டது, இனிமேல் கசப்புத் தண்ணீர் வேண்டாம், தினமும் சாயங்காலம் நல்ல தண்ணீரில் காலைக் கழுவி, துடைத்து, எண்ணெய் போட்டு, டார்ச் அடித்துக் கீறல் இருக்கிறதா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும், அவருக்கே தெரியாத காயத்தை நீங்கள் கண்டுபிடிக்க வேண்டும் என்றேன். அக்கா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அது எனக்குக் கொஞ்சம் ஆச்சரியமாக இருந்தது.

அன்று மாலையே பெட்டியை எடுத்துக்கொண்டு சென்னை பஸ்ஸுக்கு நின்றோம். அண்ணன் திடீரென்று, "இரு, உனக்கு உப்பு தரலயே" என்று மொபெட்டைத் திருப்பிக்கொண்டு போனார். நானும் அக்காவும் சாலையோரம் நின்றோம். காற்றில் உப்பு வாடை. மூன்று நாளில் முதல் முறையாக எனக்கு நன்றாகப் பசித்தது.

"தம்பி" என்றாள் அக்கா. "அந்த மாத்திரய நிறுத்திடக் கூடாதுன்னு அவருகிட்ட நல்லா அழுத்திச் சொல்லிட்டுப் போங்க."

நான் திருதிருவென்று விழித்தேன். "எந்த மாத்திரை அக்கா?"

"ஐப்பசி மழையில கொட்டாய் ஒழுகுச்சு. மோட்டார் நனையுதான்னு பாக்கப் போனேன். ஸ்பேனர் டப்பாவுல தண்ணி. மாத்திர அட்டயெல்லாம் நனையப் பாத்துது. தொடச்சி, ரெண்டு பாலிதீன் கவர் போட்டு, ரப்பர் பேண்டு சுத்தி வெச்சது நான்தான். யாரு சுத்துனான்னு அந்த மனுஷன் இன்னிய வரைக்கும் யோசிச்சதில்ல."

"அப்ப அந்தத் தண்ணி? தினமும் குடத்தைத் தூக்கிட்டு..."

"வந்து உக்காருவாரு, கால வுடுவாரு, கண்ண மூடிக்குவாரு. பகலெல்லாம் ஓடுற மனுஷன், அந்த ஒரு நேரம்தான் என்கிட்ட குந்தி நாலு வார்த்த பேசறாரு. அத எதுக்குக் கெடுக்கணும்?" முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

அதற்குள் மொபெட் சத்தம் கேட்டது. அண்ணன் ஒரு பொட்டலத்தை என் கையில் திணித்தார். "சோத்துக்குத்தான். ரோட்ல போட்டுடாத" என்றார். அவர் காலில் புதுச் செருப்பு இருந்தது. அக்கா அதைப் பார்த்தும் பார்க்காதது மாதிரி நின்றாள்.

பஸ் கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் கௌரி போன் செய்தாள். "என்னங்க ஆச்சு? கால் எப்படி இருக்கு? டாக்டர் என்ன சொன்னாங்க?"

ஜன்னலுக்கு வெளியே உப்புக் குவியல்கள் பின்னால் போய்க்கொண்டிருந்தன. மடியில் கோட்டும் அதன்மேல் உப்புப் பொட்டலமும் இருந்தன.

"பயப்படாத, கால் நல்லா இருக்கு" என்றேன். "உங்க அக்கா ஊத்துன தண்ணியிலேயே சரியாயிடுச்சு."